முப்பத்தேழு பேர்

கடிதம் முதலில் எனக்குத்தான் வந்தது,
முப்பத்தேழு பேருக்கும் சேர்த்து.
'ஏப்ரல் ஒன்று முதல்
மூத்தோர் நலத் திட்டம் திரும்பப் பெறப்படுகிறது.'
இரவல் கொடுத்த அண்டாவைக்
கேட்டு வாங்கிப் போகிறவர்கள் மாதிரி
மரியாதையான எழுத்து.

பெருந்துறை ரோட்டில்
பஸ் ஸ்டாப்புக்கு ஓர் ஆஸ்பத்திரி.
அதில் எட்டில் நம் அட்டை செல்லும் என்று
சொல்லிச் சொல்லி விற்றேன்.
போன தீபாவளிக்கு ஆறு.
பொங்கலுக்கு நாலு.
நேற்று ஓர் இன்சூரன்ஸ் மேசைக் கண்ணாடியில்
எங்கள் கம்பெனி ஸ்டிக்கரை
ஒரு பையன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.
பாதி வந்திருந்தது.
மீதி பசை.

நோட்டைப் பிரித்து, ஒவ்வொருவராகப் போன் போட்டேன்.

சித்தோடு ராக்கியப்பன் எடுத்ததுமே கேட்டார்:
"ஏனுங்க, ஆறு வருசமா ஒரு நாளு படுக்கல நானு.
அந்தப் பணமெல்லாம் எங்கீங்க போச்சு?
சீட்டுன்னாக்கூட கசருன்னு ஏதாச்சும் வருமுங்களே."
படுக்காததுதான் லாபம் என்று
பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில்
என்னிடம் இருந்தது.
சொல்லவில்லை.

முத்துநல்லியம்மாளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது.
ரெண்டு வருசம் காத்திருப்புக் காலம் என்று
அவருக்கு நான் சொன்னது
போன வருசத்துக்கு முந்தின வருசம், மே மாதம்.
அன்றிலிருந்து காலண்டரில் தாள் கிழிக்கும்போதெல்லாம்
முட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்.
மார்ச் முடிந்து அம்பத்தாறே நாள்.
கடைமடைக்கு இன்னும் ஒரு நனைப்பு பாக்கி இருக்கையில்
மதகை இறக்கிவிட்டார்கள்.
"வேற கம்பெனிக்கு மாறுனா
இந்த ரெண்டு வருசமும் கூட வருமா, அம்மிணி?"
வரும் என்றுதான் விதி சொல்கிறது.
ஆளை எடுத்துக்கொள்வார்களா என்பதை
விதி சொல்லவில்லை.

புதுப் படிவத்தின் மூன்றாம் பக்கம்:
'ஏற்கெனவே உள்ள நோய்கள்.'
அறுபத்தெட்டு வயசில்
இல்லாத நோய்களை எழுதச் சொன்னால்
சீக்கிரம் முடியும்.

பவானி துளசிமணி டீச்சர் சிரித்தார்.
"அரசாங்கக் கார்டுக்குப் போனா வருமானம் ஜாஸ்திங்கறாங்க.
இங்க வந்தா வயசு ஜாஸ்தி.
எதைக் கொறைக்கட்டும், சொல்லு."
பழைய பிரீமியத்தைப் போல் ரெண்டே கால் மடங்கு
என்று நான் சொன்னபோது மட்டும்
லைன் சரியாகக் கேட்கவில்லை அவருக்கு.
அதற்கப்புறமும் நாலைந்து பேருக்கு
அந்த இடத்தில்தான் லைன் போனது.

இருபத்தொன்பதாவது பெயர் என் வீட்டுக்காரர்.
ஒரு ஸ்டென்ட், ராத்திரிக்கு மூன்று மாத்திரை.
அவருக்குப் போன் போட வேண்டியிருக்கவில்லை.
உள்ளறையில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து
மத்தியானத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.
முப்பதாவது ஆளுக்குப் போனேன்.

பொழுது இறங்கும்போது
டிவிஎஸ் பிப்டியில் ராக்கியப்பன் வந்தார்.
மஞ்சள் மண்டிக்குப் போய்விட்டு நேராக வருகிறார்.
பை, கை, ரூபாய் நோட்டு
எல்லாம் ஒரே வாசம்.
இந்த வருசத்துப் பணம், பழைய கணக்குக்கு.

"திட்டமே இல்லீங்களே" என்றேன்.

"இருக்கட்டுங்க. மார்ச்சுக்கு மார்ச் கட்டிப் பழகிப்போச்சு.
புதுசா ஏதாச்சும் ஒண்ணு கொண்டாருவாங்கல்ல,
அப்ப அதுல போட்டுடுங்க.
ஊட்ல வெச்சிருந்தா செலவாயிருமுங்க."

ரசீது கேட்கவில்லை. தண்ணி மட்டும் குடித்தார்.
எண்ணிப் பார்த்தால் இருநூறு ரூபாய் அதிகம்.
வாசலுக்கு ஓடுவதற்குள்
வண்டி முக்கைத் தாண்டியிருந்தது.

ரப்பர் பேண்ட் போட்டு
ஒரு துண்டுச் சீட்டு எடுத்தேன்.
பெயர். தேதி. தொகை.
'திட்டம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி
இருந்தேன்.
முனையிலிருந்து ஒரு புள்ளி
ஊறி ஊறிப்
பெரிதாகிக்கொண்டிருந்தது.